அசையாம நில்லு

மன்னார்குடிக் கடைத்தெருவில் நல்ல இடம் கிடைத்தும் அதை வேண்டாமென்று விட்டுவிட்டு, ஸ்கேன் சென்டருக்கு நேர் எதிரே ஒரு குறுகலான சந்தில் அந்த அக்கா கடை போட்டிருந்தார். வயிற்றில் தடவிய பசையைத் துடைத்துக்கொண்டு, கையில் ஸ்கேன் உறையோடு படியிறங்குகிற பெண்ணின் கண்ணில் முதலில் படுவது எதிர்க்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கிற பொம்மைதான். அந்தப் பொம்மைக்கும் எட்டு மாத வயிறு இருக்கும். பஞ்சு அடைத்து அக்காவே கட்டிய வயிறு.

பிரசவத்துக்குப் போகிறவர்கள் போட்டுக்கொள்ளும் கவுன், பிள்ளை பெற்றவர்களுக்கான ஃபீடிங் நைட்டி, வெளியே போகும்போதும் பால் கொடுக்க வசதியான சுடிதார். இவை மட்டும்தான் அங்கே கிடைக்கும். பாவாடை கேட்டு யாராவது வந்தால் பக்கத்துக் கடையைக் கைகாட்டிவிடுவார். திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனிகளில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அவர் தைத்த கவுனைக் கையில் வாங்கியவர்கள் முதலில் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அப்படி ஒரு மிருது. தோளிலிருந்து இடுப்பு வரை வரிசையாக, அழுத்தினால் மூடுகிற டிச் பட்டன், முதுகில் ஊசி போட ஒரு திறப்பு, அதை மூட ஒரு மடிப்பு. எந்தப் பக்கம் திறந்தாலும் மறுபக்கம் மூடியே இருக்கும். ஆஸ்பத்திரித் துணி என்று யாரும் சொல்ல முடியாது. மயில் கழுத்து நிறம், மாங்காய்ப் பிஞ்சு போட்ட அரக்கு, ஓரத்தில் மெல்லிய சுங்குடிப் புள்ளி. கல்யாண வீட்டுக்கே போட்டுக்கொண்டு போகலாம்.

அந்தக் கடையில் நான் மூன்று வருஷம் தையல் வேலை பார்த்தேன்.

வருகிற பெண்ணிடம் எத்தனை மாதம் என்று அவர் கேட்டதில்லை. அவரே சொல்வார். "ஏழு முடிஞ்சிருச்சு. வயிறு எடது பக்கம் சாயுது. ரெண்டாவதா?" அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் டேப் இடுப்பைச் சுற்றிவிட்டிருக்கும். உதட்டுக்கிடையில் எப்போதும் நாலைந்து குண்டூசி இருப்பதால் பேச்சு பல்லுக்கு நடுவிலிருந்துதான் வரும். அதிகம் வந்த பேச்சு ஒன்றே ஒன்றுதான்: "அசையாம நில்லு."

ஒரு மாமியார் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கவுனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பட்டன் எதுக்கு? நாங்கல்லாம் பழைய பொடவையிலதான் பெத்தோம்" என்றார்.

"பெத்தீங்க" என்றார் அக்கா. "வார்டுல கூட்ற ஆளு வரைக்கும் பாத்துட்டுப் போயிருப்பான். அது ஒங்களுக்கு ஞாபகம் இருக்காது, அவனுக்கு இருக்கும்."

அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது. மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையைக் குனிந்தாள். அவளையும் அக்கா விடவில்லை. "நீ என்ன சிரிக்கிற? ஒன் கழுத்தெல்லாம் கருத்துக் கெடக்குது. ஒனக்கு வெளிர் கலர் ஆகாது. போட்டா இன்னும் கேவலமாத் தெரியும்." சொல்லிவிட்டு அரக்கு நிறத்தை எடுத்து அவள் மேல் வைத்துக் காட்டினார். அந்தப் பெண் கண்ணாடியில் தன்னைப் பார்த்தபோது, அவமானப்பட்ட முகத்தோடேயே அழகாக இருந்தாள். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எப்போதுமே சரியாகத்தான் இருக்கும்.

நாகப்பட்டினம் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து ஒரு பெண் தனியாக வந்திருந்தாள். கணவன் சிங்கப்பூரில். வீடியோ காலில் அவனிடம் ஒவ்வொரு துணியாகத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் இது டல், அது டல் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அக்கா போனை வாங்கித் தன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"தம்பி, பிரசவத்தன்னிக்கு நீங்க வருவீங்களா?"

"லீவு கெடைக்காதுங்க."

"அப்ப கலர் யாருக்கு?"

போன் அணைந்தது. அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள். மேலே வைத்துப் பார்ப்பதற்காக அவள் கையில் பட்டு மாதிரி ஒரு துணி இருந்தது. அக்கா அதை அவள் கையிலிருந்து உருவி, மடித்து, அலமாரியில் வைத்தார். "இதுல தண்ணி பட்டா திட்டுத் திட்டா நின்னுரும்" என்றார். பிறகு அவள் அழுது முடிக்கும் வரை காத்திருந்து அளவெடுத்தார்.

தன்னைப் பற்றி அவர் ஒரே ஒரு முறை பேசியிருக்கிறார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். நான், பட்டன் வைக்கிற செல்வி, அவர், மூன்று பேர்தான் இருந்தோம்.

"என்னை ஸ்ட்ரெச்சர்ல வச்சுத் தள்ளிக்கிட்டுப் போறாங்க. நைட்டி இடுப்புக்கு மேல சுருண்டு கெடக்கு. ஒரு துணிய எடுத்து மூடணும்னு ஒருத்தருக்கும் தோணல. லிஃப்டு வர்ற வரைக்கும் அப்படியே நிறுத்தி வச்சிருந்தாங்க. டீ வாங்க வந்தவன் ஒருத்தன், கையில ஃப்ளாஸ்க்கோட நின்னு பாத்துக்கிட்டே இருந்தான். வலி மறந்துபோச்சு. அந்த ஃப்ளாஸ்க்கு மறக்கல. செவப்பு மூடி."

"என்ன குழந்தைக்கா பொறந்துச்சு?" என்று செல்வி கேட்டாள்.

"பொண்ணு" என்றார், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே. அதற்கு மேல் அந்தப் பெண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நான் உண்டானது அங்கே சேர்ந்த இரண்டாவது வருஷம். என் கணவர் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுபவர். அறுவடை தொடங்கிவிட்டால் ஊர் ஊராகப் போய்விடுவார். அவரிடம் சொல்வதற்கு முன்பே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை. "கடைக்கு ஒரு வயிறு கெடச்சிருச்சு" என்றார். பஞ்சு வயிறு பொய் சொல்கிறதாம். மூச்சு விடாது, உட்காராது, உட்கார்ந்தால் துணி எங்கே இழுக்கும் என்று காட்டாது. மாதாமாதம் என்னை ஒரு முக்காலி மேல் ஏற்றி நிறுத்தி, என் உடம்பின் மேலேயே துணியை வெட்டினார், மடித்தார், குத்தினார். எனக்குக் கால் வீங்கும். குண்டூசி சில சமயம் தோலில் ஏறும். "ஸ்" என்றால் ஊசியைப் பிடுங்கி, துணியில் ரத்தம் பட்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்.

இதையெல்லாம் நான் விரும்பினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் என்னை நிறுத்தி வைத்துப் பார்த்ததில்லை. நான் கறுப்பு, ஒல்லி, முன்பல் சற்றுத் தூக்கல். அக்கா என்னை மயில் கழுத்து நிறத்தில் நிறுத்திப் போனில் படமெடுத்து ஸ்டேட்டஸ் வைத்தார். கூடப் படித்தவர்களெல்லாம் பார்த்துவிட்டு நீயாடி அது என்று கேட்டார்கள். அந்தப் படத்தை என் கணவர் மெஷின் கேபினில் ஒட்டி வைத்திருந்தார். அக்கா ஒருநாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒன் ஒடம்புல துணி பேசுதுடி" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

எட்டாம் மாதம் முடிகிற சமயம். சம்பா அறுவடை. பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் ரோட்டோரத்தில் நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். பஸ் ஒதுங்கி ஒதுங்கி, குலுங்கிக் குலுங்கிப் போனது. அப்படிக் குலுங்கினால் குழந்தை உடனே உதைக்கும். அன்றைக்கு உதைக்கவில்லை. தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் போட்டோகிராபர் வருவதாக இருந்தது. புதிதாக வந்த நீலத் துணியில் நாலு மாடல் அதற்குள் தயாராக வேண்டும். காலையிலேயே என்னை முக்காலியில் ஏற்றிவிட்டார்.

"அக்கா, காலைலேருந்து புள்ள அசையவே இல்ல" என்றேன்.

"நல்ல புள்ள" என்றார் ஊசிகளுக்கு நடுவே. "அளவு எடுக்கறது தெரிஞ்சு சும்மா இருக்கு. நீயும் அசையாம நில்லு."

செல்வி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மத்தியானம் மறுபடியும் சொன்னேன். "பயமா இருக்குக்கா. ஒரு எட்டு எதிர்ல போயிப் பாத்துட்டு வந்துறட்டுமா?"

"எட்டாம் மாசம் உள்ள எடம் பத்தாது, அப்படித்தான் இருக்கும். வலது கையத் தூக்கு. இன்னும் மேல."

இத்தனை வயிறுகளைப் பார்த்தவர் சொல்கிறார். கையைத் தூக்கினேன். கண்ணாடி வழியாக எதிரே ஸ்கேன் சென்டரின் படி தெரிந்தது. தெருவைத் தாண்டினால் பத்தடி. ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டே நாலு மாடலுக்கும் நின்றேன். போட்டோகிராபர் வந்தார். வயிற்றின் மேல் கை வைத்துக் குனிந்து பார்த்துச் சிரிக்கச் சொன்னார். சிரித்தேன்.

அதன் பிறகுதான் எதிரே போனேன். டாக்டரம்மா கருவியை வைத்து அழுத்தினார், நகர்த்தினார், மறுபடி அழுத்தினார். திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். அப்போதே தெரிந்துவிட்டது.

"எப்ப நின்னுச்சு டாக்டர்?"

"சொல்ல முடியாதும்மா. நேத்தே நின்னிருக்கலாம். இன்னிக்கும் இருக்கலாம்."

அந்த 'இருக்கலாம்' இரண்டையும் நான் இன்றைக்கும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மருந்து கொடுத்து வலி வரவழைத்தார்கள். பிரசவத்துக்கென்று பையில் தயாராக மடித்து வைத்திருந்தது அக்கா எனக்குத் தைத்துக் கொடுத்த அரக்கு நிறக் கவுன்தான். வேறு துணி இல்லை. போட்டுக்கொண்டேன். பிரசவ அறை நர்ஸ் அதன் பட்டன்களைத் திறந்து மூடிப் பார்த்து, "எங்கம்மா வாங்குன? எல்லாரும் இத மாதிரி போட்டுக்கிட்டு வந்தா எங்க வேலை பாதியாயிரும்" என்றார். பிறகு கேஸ் ஷீட்டைப் படித்தார். திறந்து வைத்த பட்டன்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டார். அந்தக் கவுன் உண்மையிலேயே அவ்வளவு வசதியாக இருந்தது. யாரும் எதையும் சுருட்டவில்லை, தூக்கவில்லை. வெளியில் யார் யாரோ வந்து போனார்கள். ஒரு விரற்கடை கூட நான் வெளியே தெரியவில்லை. எந்த அவமானமும் இல்லாமல் செத்த பிள்ளையைப் பெற்றேன். ஆண் குழந்தை. தலை நிறைய முடி.

மறுநாள் அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்தார். என் அம்மா ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தாள். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து என் தலையைத் தடவினார். அந்தக் கையில் பாசம் நிஜமாகத்தான் இருந்தது. பிறகு கை தோளுக்கு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது.

"இந்தப் பட்டன் எப்ப பிஞ்சுது?"

"முக்கறப்ப."

"நீ பிடிச்சு இழுத்தியா, தானா வந்துச்சா?"

"தெரியலக்கா."

"யோசிச்சுச் சொல்லு."

என் அம்மா திரும்பிப் பார்த்தாள். எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அக்காவைக் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டாள். அடுத்து வந்த கவுன்களிலெல்லாம் அந்த இடத்தில் இரட்டைத் தையல் போட்டிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு பால் சுரந்தது. குழந்தை இல்லையென்று உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. மார்பு கல்லாகக் கட்டி ஜுரம் வந்தது. சுரப்பு வற்றட்டும் என்று பக்கத்து வீட்டுக்காரி மார்பில் மல்லிகைப்பூவை வைத்து இறுக்கிக் கட்டினாள். பால் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கவில்லை. என் ரவிக்கை நனைந்தால் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். காபிக்குப் பால் வாங்குவதைக்கூட அம்மா ரகசியமாகச் செய்தாள். அறுவடையிலிருந்து திரும்பி வந்த என் கணவர் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

ஆறாம் நாள் அக்கா ஒரு பையோடு வந்தார். அம்மா கொல்லையில் இருந்தாள்.

"பால் கட்டியிருக்கா?" என்றார்.

"ஆமா."

"சொட்டுதா?"

"நனையுதுக்கா. ஒரு நாளைக்கு நாலஞ்சு ரவிக்கை."

பையிலிருந்து ஒரு ஃபீடிங் நைட்டியை எடுத்தார். சந்தன நிறம். மார்பு இருக்கும் இடத்தில் உள்ளே மூன்று மடிப்பாக ஒரு லைனிங் வைத்திருந்தார். "உள்துணி குடிச்சுக்கும், வெளித்துணி காஞ்சே இருக்கும்னு நெனைக்கிறேன். தண்ணி ஊத்திப் பாத்தேன். தண்ணி வேற, பால் வேற. பால் கொடுக்கறவள்ட்ட குடுத்தா புள்ள குடிச்சுருது, சரியாத் தெரிய மாட்டேங்குது. நீ போட்டுப் பாரு. எவ்வளவு நேரம் தாங்குதுன்னு சொல்லு."

அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இரக்கமும் இல்லை. துணி என்ன சொல்லும் என்று கேட்கிற ஆவல் மட்டும் இருந்தது.

அந்த நைட்டியை அவர் முகத்தில் எறிந்தேன் என்று சொன்னால் கேட்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். நான் போட்டுக்கொண்டேன். அந்த வீட்டில் என் பாலைப் பற்றிப் பேசிய ஒரே ஆள் அவர்தான். துணி மிருதுவாக இருந்தது. வலித்த மார்பில் உரசவில்லை. இரண்டு நாள் போட்டிருந்து, நேரம் பார்த்து வைத்து, செல்வியிடம் சொல்லி அனுப்பினேன்: இடது பக்கம் தாங்குகிறது, வலது பக்கம் ஓரத்தில் கசிகிறது, லைனிங்கை அக்குள் பக்கம் இரண்டு விரல் நீட்ட வேண்டும். நீட்டினார். அந்த வருஷம் கடையில் அதிகம் போனது அந்த நைட்டிதான். கும்பகோணம், திருவாரூர் என்று எங்கிருந்தெல்லாமோ தேடி வந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து நான் மறுபடி வேலைக்குப் போனேன். வீட்டில் இருக்க முடியவில்லை. முக்காலிக்கு மேலே சுவரில் இப்போது வேறொரு பெண்ணின் படம் மாட்டியிருந்தது. முன்பு அங்கே இருந்த என் படங்களை அவர் எடுத்துவிட்டிருந்தார். எனக்காக என்று நினைத்தேன். "அந்த நீலம் ஸ்டாக் தீந்துபோச்சு" என்றாள் செல்வி.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது கேட்டுவிட்டேன்.

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னப்பவே எதிர்ல போயிருந்தா, புள்ள பொழச்சிருக்குமா?"

அவர் கை துடைத்துக்கொண்டே யோசித்தார். மழுப்பவில்லை. நிஜமாகவே யோசித்தார்.

"அன்னிக்கு நீலத்துல நாலு மாடல். ரெண்டாவதுக்குத் தோள்ல அரை இஞ்ச் கொறச்சேன். கடைசிக்குக் கழுத்த மாத்துனோம். நீ என்ன சொன்ன? ஒண்ணும் சொல்லலையே."

"ரெண்டு தடவ சொன்னேன்க்கா. புள்ள அசையலன்னு."

"இல்லடி. சொல்லியிருந்தா எனக்கு ஞாபகம் இருக்கும்."

அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே அவரை வெறுத்து முடித்திருப்பேன். நான் செல்வியைப் பார்த்தேன். இரண்டு முறையும் அவள் பக்கத்தில்தான் இருந்தாள், சிரித்தவள் அவள். செல்வி எழுந்துபோய் மெஷினில் உட்கார்ந்து, பட்டன் ஒன்றை எடுத்துத் தைக்க ஆரம்பித்தாள். நான் என் சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அக்கா பின்னாலிருந்து கூப்பிட்டார். நான் பாதியில் விட்ட கவுனை முடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

இப்போது நாங்கள் தஞ்சாவூரில் இருக்கிறோம். பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைக்கிறேன். அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. போன மாதம் மாடி வீட்டுப் பெண், ஏழு மாதம், ஒரு கடையின் படத்தைப் போனில் காட்டி, "மன்னார்குடில இருக்காம்க்கா, நல்லா இருக்குமா? ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். குழந்தை அசையவில்லையென்றால் எங்கே நிற்கிறாயோ அங்கிருந்து அப்படியே கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போ, யாருடைய முகத்தையும் பார்க்காதே என்றேன். அவள் கையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். அழுதாள். என்னைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் போய் வாங்கிக்கொண்டு வந்தாள். வேறு எங்கேயும் அந்த மாதிரி கிடைக்கவில்லையாம். கூச்சத்தோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இளம்பச்சையில் ஒரு கவுனைப் போட்டுக்கொண்டே இறங்கி வந்திருந்தாள். "கோவமாக்கா?" என்றாள்.

"உள்ள வா" என்றேன்.

"அக்கா, இங்க பாருங்க, உதைக்குது" என்று என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். உதைத்திருக்க வேண்டும், அவள் முகம் அப்படி மலர்ந்தது. எனக்குத் தெரியவில்லை. என் விரல்கள் பக்கவாட்டுத் தையலைத் தடவிக்கொண்டு போய், அது இழுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தன.